குங்குமம் வைத்த இசைத்தட்டு

போன வாரம் நான் உள்ளே நுழைந்ததும் உங்களில் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "மேடம், ரெக்கார்டு துடைக்க எந்த லிக்விட் பெஸ்ட்?" என்பது. எனக்குச் சுள்ளென்று வந்தது. மருந்துக் கடைக்குப் போய், "எந்த மாத்திரை நல்ல மாத்திரை?" என்று கேட்பீர்களா? யாருக்கு உடம்பு சரியில்லை, என்ன செய்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? அப்புறம் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஒலிக்காப்பகத்தில் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் கேட்டேன். அன்றைய எங்கள் பிரிவுத் தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பதிலே சொல்லாமல் காபி குடிக்கப் போய்விட்டார். நான் அவ்வளவு கல்நெஞ்சக்காரி இல்லை. சொல்கிறேன், உட்காருங்கள்.

எல்பி என்று நீங்கள் சொல்லும் பெரிய தட்டு வினைல். ஆல்கஹால் கொஞ்சம் கலந்த கரைசல் அதற்கு ஒத்துக்கொள்ளும். விரல் ரேகை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் நொடியில் போய்விடும். அதற்கு முந்தைய காலத்துத் தட்டு, கனமானது, கீழே விழுந்தால் உடைவது, அது அரக்கு. நம் மைசூரில் மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிறவர்களைப் போய்ப் பாருங்கள். அரக்கை எதில் போட்டுக் கரைக்கிறார்கள்? ஸ்பிரிட்டில். அதே சமாசாரத்தை எடுத்து அரக்குத் தட்டைத் துடைத்தால் என்ன ஆகும் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா? ஆல்கஹால் உள்ள பாட்டிலும் இல்லாத பாட்டிலும் அலமாரியில் ஒரே அடுக்கில் இருக்கக் கூடாது என்று வேலையில் இருந்தவரை எல்லோரிடமும் சண்டை போட்டேன். இப்போதும் ஒரே அடுக்கில்தான் இருக்கிறது, வரும்போதே பார்த்தேன். போகிறதுக்குள் மாற்றி வையுங்கள்.

இதெல்லாம் உங்கள் பயிற்சியில் வந்துவிடும். பயிற்சியில் வராத ஒன்றைச் சொல்லத்தான் வந்தேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய தசராவில் நடந்தது.

ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. எந்தத் தெருவில் திரும்பினாலும் விளக்கு அலங்காரம், வேடிக்கை பார்க்கிற கூட்டம், நகராத பஸ். பாதி ஆபீஸ் லீவு. நானும் நாகராஜும் மட்டும்தான் இருந்தோம். நாகராஜை உங்களுக்குத் தெரியும், இப்போது உங்கள் பிரிவுத் தலைவர். அவருக்கும் எனக்கும் பேச்சு பாதி கன்னடம், பாதி தமிழ். திட்டுவது மட்டும் அவரவர் தாய்மொழியில்.

மதியம் ஒரு தம்பதி வந்தார்கள். கொள்ளேகாலிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு. கணவர் பெயர் மாதப்பன். கொள்ளேகாலில் மைக் செட் வைத்திருப்பவர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா எதுவானாலும் மரத்துக்கு மரம் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் தொங்கும். மனைவி பொன்னம்மா. கழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைத் துணி கட்டியிருந்தார். தொண்டையில் கட்டி வந்து, ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள், அதோடு பேச்சு போய்விட்டது என்று மாதப்பன் சொன்னார். கழுத்தில் வைத்து அழுத்திப் பேசுகிற கருவி ஒன்று கொடுத்தார்களாம். அந்தச் சத்தம் பொன்னம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கை தட்டிக் கூப்பிடுவார், சைகை காட்டுவார், உதட்டை அசைப்பார். மாதப்பன் அதை எங்களுக்கு எடுத்துச் சொல்வார்.

மாதப்பன் முதலில் ஒரு பழைய சினிமாப் பாட்டுத் தட்டை எடுத்து வைத்தார். அரக்குத் தட்டு. ஒரு பக்கம் பளபளப்பே இல்லாமல் சாம்பல் பூத்துக் கிடந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கொரோனாவின்போது வாங்கி மிச்சமிருந்த சானிடைசரை ஊற்றித் துடைத்தாராம். சொல்லும்போது அவருக்கு ஒரே பெருமை.

"ஏனுங்க மேடம், துடைக்கத் துடைக்கக் கருப்பா அழுக்கு வந்துட்டே இருக்குதுங்க. துணி பூராவும் கருப்பு. எத்தன வருசத்து அழுக்கோ!"

"அது அழுக்கு இல்லீங்க," என்றேன். "பாட்டு."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. பட்டென்று சொல்லிவிட்டேனே என்று எனக்கே சங்கடமாகிவிட்டது. பொன்னம்மா மட்டும் கணவரை ஒரு பார்வை பார்த்தார். 'நான் அப்போதே சொன்னேன், கேட்டீர்களா' என்கிற பார்வை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நல்லவேளை, இன்னொரு தட்டையும் துடைக்கப் போனவரை அவர்தான் கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறார்.

அந்த இன்னொரு தட்டு பொன்னம்மாவின் மடியில், மஞ்சள் துணிப்பையில் இருந்தது. சின்னத் தட்டு. பொன்னம்மா சிறு பெண்ணாக இருந்தபோது அவருடைய அப்பா தசரா பொருட்காட்சிக்குக் கூட்டி வந்திருக்கிறார். அங்கே ஒரு ஸ்டாலில், நாம் பேசுவதையோ பாடுவதையோ அங்கேயே தட்டில் பதிந்து கையில் கொடுத்துவிடுவார்கள். அப்படிப் பதிந்தது இது. கல்யாணத்தின்போது சீர்வரிசையோடு சேர்ந்து வந்தது. புள்ளை அதில் அருமையாகப் பாடியிருக்கிறது என்று மாதப்பனின் மாமனார் எல்லோரிடமும் சொல்வாராம். ஆனால் பொன்னம்மா ஒரு நாளும் அதைப் போட விட்டதில்லை. நேராகக் கொண்டுபோய் பூஜை அலமாரியில் வைத்துவிட்டார். மாதப்பனும் வெட்கப்படுகிறாள் என்று விட்டுவிட்டார்.

வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று ஆம்ப்ளிஃபயருக்கும் குழாய்களுக்கும் பொட்டு வைக்கும்போது, இந்தத் தட்டுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது பொன்னம்மாவின் வழக்கம். ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில், பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு. யாரும் சிரிக்க வேண்டாம். நம் ஆபீஸிலேயே டர்ன்டேபிளுக்குப் பொட்டு வைக்கிறோம். மூடி மேலே வையுங்கள், ஊசிப் பக்கம் போனால் கையை ஒடிப்பேன் என்று நான் ஒவ்வொரு வருஷமும் காவலுக்கு நிற்பேன். சோறு போடுகிற பொருளைக் கும்பிடாமல் நம் ஜனங்களால் இருக்க முடியாது.

இத்தனை வருஷம் போடாத தட்டை இப்போது ஏன் போட வேண்டும் என்று கேட்டேன். அந்தக் குரல் வேண்டும் என்றார் மாதப்பன். செல்போனில் ஏதாவது இருக்குமே, வீடியோ இல்லாத வீடு ஏது என்றேன்.

"இருக்குதுங்க. கல்யாணம், வளைகாப்பு, கிடாவெட்டு, அல்லாம் இருக்குது. எதப் போட்டாலும் எஞ்செட்டுப் பாட்டுத்தானுங்க கேக்குது. இவ வாயி மட்டும் அசையுது."

சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றால் பாசத்தில் இன்னும் இரண்டு குழாய் சேர்த்துக் கட்டுவாராம். அத்தனை வீட்டு விசேஷத்திலும் பொன்னம்மா பேசிய அத்தனை பேச்சும் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போயிருந்தது. மாதப்பன் குரலைத் தாழ்த்தி, "வூடு சத்தமே இல்லாமக் கெடக்குதுங்க. இவ கொரலு எனக்கு மறந்து போயிருமோன்னு பயமா இருக்குது," என்றார். நாகராஜ் எதையோ தேடுகிற மாதிரி அலமாரிப் பக்கம் போய்விட்டார்.

தட்டை விளக்குக்குக் கீழே வைத்தேன். கருப்பாக இருந்ததால் அரக்கு என்று நினைத்து, ஆல்கஹால் இல்லாத பாட்டிலை நாகராஜ் எடுத்து வந்திருந்தார். ஆனால் கையில் எடுத்தபோதே அரக்கின் கனம் இல்லை. நடு ஓட்டையின் விளிம்பைப் பார்த்தால் உலோகம் மின்னியது. அலுமினியத் தகடு, அதன் மேல் கருப்புப் பூச்சு. நகத்துக்குப் போடுகிற பாலிஷ் இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்தச் சாதிப் பூச்சு. ஸ்பிரிட் பட்டால் இளகிவிடும். தண்ணீரும் நம்பகமான சிநேகிதன் இல்லை. வருஷம் ஆக ஆகப் பூச்சு சுருங்கும், தகடு சுருங்காது, அதனால் வெடிப்பு விடும். வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கினால் பூச்சு செதில் செதிலாகக் கிளம்பி வந்துவிடும். அதோடு குரலும் போய்விடும், திரும்ப ஒட்ட முடியாது.

தட்டு முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. மாதப்பன் அதை விபூதி என்றார். பூச்சுக்குள்ளிருந்தே கசிந்த கொழுப்பு அது, கரைசலில் போய்விடும், எனக்கு அதில் கவலை இல்லை. கவலை எல்லாம் அந்தப் பொட்டுதான். தட்டின் ஓரத்தில், பதிவு தொடங்குகிற இடத்திலேயே, கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனமும் குங்குமமும் ஒரு வில்லையாக இறுகிக் கிடந்தது. ஓரத்திலிருந்து முடி மாதிரி ஒரு வெடிப்பு கிளம்பி, அந்த வில்லைக்கு அடியில் போய் மறைந்தது. உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க வழியில்லை.

நாகராஜ் என்னைத் தனியே கூப்பிட்டு, "மேடம், அது பேடா," என்றார். வேண்டாம், தொடாதீர்கள். மற்ற இடத்தைத் துடைத்துவிட்டு, பொட்டைத் தாண்டி ஊசியை வைப்போம். தொடக்கம் மட்டும்தானே போகும், பாட்டின் பெரும்பகுதி கிடைத்துவிடும், கிடைத்தவரை லாபம் என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. வேறு ஒரு நாளாக இருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் இவர்களிடம் இருப்பது இந்த ஒரு தட்டு. அதிலும் ஒரு பங்கை நாமே கழித்துவிட்டுக் கொடுப்பதா என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

மாதப்பன் காதில் விழுந்துவிட்டது போலிருக்கிறது. முழுசும் வேண்டும் என்றார். சந்தனம்தானே, தண்ணீரைத் தொட்டுத் துடைத்தால் வந்துவிடாதா என்றார். அந்தச் சந்தனத்தை எதில் குழைத்தது என்று கேட்டேன். தண்ணீரில்தான், எல்லோரும் செய்வதுதானே என்று சட்டென்று பதில் வந்தது.

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. வந்ததிலிருந்து எல்லாக் கேள்வியையும் மாதப்பனிடமே கேட்டுக்கொண்டிருக்கிறோம். பொட்டு வைத்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். பேச முடியாதவரிடம் என்ன கேட்பது என்று மூன்று பேரும் அவரை விட்டுவிட்டோம். குரல் அவருடையது, தட்டு அவருடையது. அதைப் போடலாமா என்றுகூட ஒருத்தரும் அவரிடம் கேட்கவில்லை.

நாற்காலியைப் பொன்னம்மாவுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அம்மா, ரெண்டு விஷயம் கேக்கணும். இதைப் போட்டுக் கேக்கறதுல உங்களுக்குச் சம்மதமா? இல்லேன்னா இப்படியே பைக்குள்ள வெச்சுக் குடுத்துடறேன். சம்மதம்னா, பொட்டை எதுல கொழச்சீங்கன்னு சொல்லுங்க."

அவர் தட்டைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். மாதப்பன் அந்தக் கெட்டுப்போன சினிமாப் பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சையில் தோற்ற பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். பொன்னம்மா பெருமூச்சு விட்டார். சம்மதம் என்று தலையை ஆட்டினார். பிறகு எங்கள் அறையில் சாமி படத்துக்கு முன்னால் இருந்த விளக்கைக் காட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பிசுபிசுவென்று தேய்த்துக் காட்டினார். விளக்குக்கு ஊற்றுகிற நல்லெண்ணெயா என்று கேட்டேன். ஆமாம். ஒவ்வொரு வருஷமுமா? ஆமாம். தண்ணீரே இல்லையா? இல்லை. மாதப்பன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று கும்பிட்டவருக்கு அது தெரியாது.

அந்த ஒரு சைகை எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. தண்ணீரில் குழைத்த சந்தனம் என்றால் ஊசி ஓடுகிற வரிகளுக்குள் இறங்கிச் சுண்ணாம்பு மாதிரி பிடித்திருக்கும். அதை ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும், ஊறுவதற்குள் தண்ணீர் வெடிப்பில் இறங்கிவிடும். நான் தொட்டிருக்கவே மாட்டேன். எண்ணெயில் குழைத்தது என்றால் வரிகளுக்கு மேலே பிசினாக உட்கார்ந்திருக்கும், வெடிப்பின் வாயையும் அந்த எண்ணெயே ஓரளவு அடைத்து வைத்திருக்கும். அதற்கு ஊறல் வேண்டாம், எண்ணெயை இளக்குகிற கரைசல் துளித்துளியாக இருந்தால் போதும். அழுக்கை மட்டும் பார்த்து பாட்டிலை எடுக்காதீர்கள் என்று நான் தொண்டை வற்றக் கத்துவது இதற்காகத்தான். தட்டு எது, அழுக்கை வைத்தது யார், எப்படி வைத்தார்கள், எல்லாம் தெரிந்த பிறகு பாட்டிலுக்குக் கை நீட்டுங்கள்.

தட்டு துடைக்கிற மெஷினில் போடவில்லை. காய்ச்சி வடித்த தண்ணீரில் வாசனையும் நிறமும் இல்லாத சோப்பைக் கொஞ்சமாகக் கலந்து, தூரிகை நுனியால் ஒரு சொட்டு வைத்தேன். உடனே ஒற்றி எடுத்தேன். மறுபடி ஒரு சொட்டு, மறுபடி ஒற்றல். தேய்க்கவே இல்லை, காய்ந்த சந்தனம் மணல் மாதிரி கீறிவிடும். நாகராஜ் விளக்கைப் பிடித்துக்கொண்டு வெடிப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். வெடிப்பு அசைந்தால் சொல்ல வேண்டியது அவர் வேலை, அந்த நொடியே நிறுத்த வேண்டியது என் வேலை, யார் கெஞ்சினாலும் தொடரக் கூடாது என்று ஆரம்பிக்கும்போதே பேசிக்கொண்டோம். இப்படி ஒரு ஒப்பந்தம் இல்லாமல் நீங்களும் எதிலும் கை வைக்காதீர்கள். ஆசை வந்துவிட்டால் நம் கண் நமக்கே பொய் சொல்லும்.

வில்லை மெல்ல இளகி வந்தது. பஞ்சில் சிவப்பு ஏற ஏற, அடியில் வரிகள் கருப்பாகத் தெரிய ஆரம்பித்தன. கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. மேலாக ஒரு சிவப்புப் படலம் மட்டும் மிச்சம். இன்னும் ஒரு சொட்டு வைத்தால் பளிச்சென்று ஆகிவிடும். தூரிகையைக் கிட்டே கொண்டு போனேன். நாகராஜ் "மேடம்" என்றார், அவ்வளவுதான். வெடிப்பின் ஒரு உதடு துளி எழும்பியிருந்தது.

கையை எடுத்துவிட்டேன். உலர்ந்த பஞ்சை மேலே வைத்து ஈரத்தை இழுத்துவிட்டு, மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். எழும்பிய உதடு கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்தது. இன்னும் சிவப்பாக இருக்கிறதே என்று மாதப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார். இருக்கட்டும் என்றேன். ஊசி போக வழி கிடைத்தால் நம் வேலை முடிந்தது, தட்டைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கா காட்டப் போகிறோம்? பொன்னம்மாவின் முகத்தில் அப்போதுதான் லேசாகச் சிரிப்பு வந்தது.

மீதி இடத்திலிருந்த வெள்ளையை எடுத்து, நன்றாக உலர்ந்த பிறகு, நம்மிடம் இருப்பதிலேயே எடை குறைந்த ஊசியைப் போட்டேன். கம்ப்யூட்டரில் பதிவை ஓட விட்டோம். இந்த மாதிரித் தட்டு இன்னொரு தடவை ஓடும் என்று நம்ப முடியாது.

முதலில் இரைச்சல். சுற்றுக்கு ஒரு முறை வெடிப்பு 'டிக்' என்றது. ஊசி தாவவில்லை. பிறகு ஸ்டால்காரர் குரல், "ஹாடும்மா, ஹாடு" என்று கன்னடத்தில் பாடச் சொன்னது. பதில் இல்லை. மறுபடியும் கெஞ்சினார். அப்புறம் ஒரு சிறு பெண்ணின் குரல், கணீரென்று, அப்படி ஒரு அதிகாரத்தோடு வந்தது.

"காலை எடுங்கங்கறேன்ல? எம் பாவாடைய மிதிச்சுட்டு நின்னா எப்பிடிப் பாடறது? எத்தன தடவ சொல்றது, மொதல்ல காலை எடுங்க!"

அப்பாவைச் சொன்னாரா, ஸ்டால்காரரைச் சொன்னாரா தெரியாது. நான் ஊசியிலேயே கண்ணாக இருந்தேன். பக்கத்தில் நாற்காலி கிரீச்சிட்டதும் திரும்பிப் பார்த்தேன். மாதப்பன் இரண்டு கால்களையும் வெடுக்கென்று நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டேன் புள்ள, எடுத்துட்டேன்," என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அப்படியே வாயைப் பொத்திக்கொண்டார், கண்ணிலிருந்து கொட்டியது. பொன்னம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாமல், தோள் குலுங்கக் குலுங்க, கழுத்துத் துணி ஏறி இறங்க, ஒரு கையால் கணவரின் முதுகில் அடித்து அடித்துச் சிரித்தார். இந்த வாய்த்துடுக்கு வெளியே தெரியக் கூடாது என்றுதான் இத்தனை வருஷமும் தட்டைச் சாமியோடு பூட்டி வைத்திருக்கிறார்.

திட்டு முடிய நேரமாயிற்று. கடைசியில் அவசர அவசரமாக ஒரு அடி பாட்டு வந்தது, அதற்குள் தட்டு தீர்ந்துவிட்டது. நல்ல குரல்தான், மாமனார் பொய் சொல்லவில்லை. பொட்டைத் தாண்டி ஊசியை வைத்திருந்தால் எங்களுக்கு அந்த ஒரு அடி மட்டும்தான் கிடைத்திருக்கும்.

மாதப்பன் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் குனிந்தார். "மேடம், அந்தப் பாட்டு கெடக்குட்டுங்க. முன்னால காலை எடுங்கன்னு வஞ்சாள்ல, அத இன்னொருக்காப் போடுங்க."

கம்ப்யூட்டரில் ஏறியிருந்ததைப் போட்டேன். கொள்ளேகால் பஸ்ஸுக்கு நேரமாகும்வரை திரும்பத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் காலை இழுத்துக்கொண்டார்.